தெரிஞ்சவர் வண்டிக்கு ஒரு ஜோடி ஷாக்

ஷஃபியுல்லா: …பின்னாடி ஷாக் அப்சர்பர் ரெண்டும் அவுட்டு சார். இங்க பாருங்க, ஆயில் கசிஞ்சி மண்ணு அப்பிக்கினு கீது. இதுல இன்னா இழுக்குறீங்க?

சுயம்புலிங்கம்: இழுக்கிறதா? ஒண்ணும் இழுக்கலியே.

ஷஃபியுல்லா: பின்னாடி கொக்கி தேஞ்சி பளபளன்னு மின்னுது. காத்தையா இழுத்தீங்க?

சுயம்புலிங்கம்: …ஒரு சின்ன ட்ரெய்லர். இது என் வண்டி இல்ல பாய். தெரிஞ்சவர் வண்டி. அவருதான் இழுக்காரு.

ஷஃபியுல்லா: ஓ… தெரிஞ்சவரு. ட்ரெய்லர் எவ்ளோ வெயிட்டு?

சுயம்புலிங்கம்: அதுலயே சாப்பாட்டுக் கடை. அடுப்பு, சிலிண்டர், அண்டா… எண்ணூறு கிலோ இருக்கும். தெனமும் சாயங்காலம் கொட்டிவாக்கத்துலேர்ந்து திருவான்மியூர் பீச்சுக்கு.

ஷஃபியுல்லா: நீங்க எந்தப் பக்கம்?

சுயம்புலிங்கம்: தி.நகர்ல ஜவுளிக்கடை.

ஷஃபியுல்லா: தி.நகர்லேர்ந்து அடையாறு வந்து ஷாக்கு மாத்துறீங்க. நடுவுல ஒரு ஒர்க்‌ஷாப்புகூடவா கண்ணுல படல?

சுயம்புலிங்கம்: உங்க வேல சுத்தம்னு சொன்னாங்க.

ஷஃபியுல்லா: யாரு சொன்னா?

சுயம்புலிங்கம்: …தெரிஞ்சவர்தான்.

ஷஃபியுல்லா: நல்ல மனுசன். சரி, ஷாக்குல மூணு தினுசு கீது. சாதா ஆயிலு, கேஸு, அப்புறம் திருகு வெச்சது. அது நம்ம இஷ்டத்துக்கு டைட்டும் பண்ணிக்கலாம், லூசும் பண்ணிக்கலாம்.

சுயம்புலிங்கம்: இருக்கிறதுலயே முரட்டு ஷாக்கா போடுங்க. ட்ரெய்லர மாட்டுனா பின்பக்கம் தொங்குது.

ஷஃபியுல்லா: இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்கோ. வெயிட்ட தாங்குறது ஸ்ப்ரிங்கு சார். ஷாக்கு ஆட்டத்த அடக்கும், அவ்ளோதான். தொங்குறதுக்கு ஸ்ப்ரிங்க மாத்திக்கலாம். ஷாக்க முரட்டா போட்டீங்கன்னா, ஸ்பீடு பிரேக்கர்ல பின்சீட்டு ஆளு கூரையில போயி முட்டும்.

சுயம்புலிங்கம்: ஐயையோ, அது ஆகவே ஆகாது. மெத்துனு இருக்கணும்.

ஷஃபியுல்லா: இப்பதான முரட்டுன்னீங்க?

சுயம்புலிங்கம்: பின்சீட்டுல ஒரு புள்ள உக்காரும். குலுங்கக் கூடாது.

ஷஃபியுல்லா: கொயந்தையா?

சுயம்புலிங்கம்: இல்ல, பொம்பளப் புள்ள. கடை நடத்துற பையனோட சம்சாரம். ரொம்ப அலுங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

ஷஃபியுல்லா: எத்தினி மாசம்?

சுயம்புலிங்கம்: அஞ்சு முடியப் போகுது.

ஷஃபியுல்லா: அஞ்சா… அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எங்க வெச்சேன்…

சுயம்புலிங்கம்: கையிலதான வச்சிருக்கீங்க.

ஷஃபியுல்லா: ஆமா. கையிலதான் கீது.

சுயம்புலிங்கம்: உக்காருங்க பாய். வேர்க்குது உங்களுக்கு.

ஷஃபியுல்லா: வெயிலு. அது கெடக்கட்டும்… இந்த நேரத்துல கடையில நிக்க உடலாமா? பெரியவங்க யாரும் இல்லியா?

சுயம்புலிங்கம்: இருக்காங்களே, ரெண்டு வீட்டுலயும். பையன் எங்க… எங்க தெரிஞ்சவரு பையன். பொண்ணு உங்க ஆளுங்க வீட்டுப் பொண்ணு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிட்டு மாலையோட வந்து நின்னாங்க. ரெண்டு அப்பனும் கதவச் சாத்திட்டானுவ.

ஷஃபியுல்லா: பையனோட அப்பன் எப்டி?

சுயம்புலிங்கம்: வீம்பு. உங்கூட இனிமே ஒரு வார்த்த பேச மாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னாடி சொல்லிட்டாரு.

ஷஃபியுல்லா: அப்புறம் இன்னாத்துக்கு ட்ரெய்லர் இழுக்குறாரு?

சுயம்புலிங்கம்: பேச மாட்டேன்னுதான சொன்னாரு? வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லலியே. வாடகை வண்டிக்காரன் கழுத்தறுத்துட்டான்னு ஒருநா போனாரு. ஏழு மாசமாச்சு. எல்லாம் ஹாரன்தான். ஒருவாட்டி அடிச்சா ஏறு, ரெண்டுவாட்டி அடிச்சா எறங்கு.

ஷஃபியுல்லா: அது சரி! சாமி ஹாரன கணக்குல எடுக்காது.

சுயம்புலிங்கம்: சிரிக்காதீங்க பாய். பொண்ணோட அப்பன் அதுக்கும் மேல. கல்லுன்னு கேள்வி.

ஷஃபியுல்லா: யாரு சொன்னது கல்லுன்னு? நீங்க பாத்தீங்களா?

சுயம்புலிங்கம்: நீங்க ஏன் கோவப்படுதீங்க?

ஷஃபியுல்லா: கோவம் இல்ல. ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

சுயம்புலிங்கம்: உங்களுக்குப் புள்ளைங்க?

ஷஃபியுல்லா: ஒரு பையன். தௌசீஃப். ஷார்ஜாவுல கீறான்.

சுயம்புலிங்கம்: ஒருத்தர்தானா?

ஷஃபியுல்லா: …திருகு வெச்ச ஷாக்கே போட்டுடலாம் சார். ட்ரெய்லர் மாட்டுறப்போ நடுவுல வெச்சிக்கோங்க, சும்மா போறப்போ கடைசி வரைக்கும் லூசு பண்ணிடுங்க. ஆனா ஷாக்கு மட்டும் பத்தாது. அந்தத் தண்ணி டேங்க்க ட்ரெய்லர் வாலுல வெச்சிக்கினு கீறாங்க பாருங்க, அதான் வண்டிய உலுக்குது. முன்னாடி தள்ளி, சக்கரத்துக்கு நேரா வெக்கணும்.

சுயம்புலிங்கம்: தண்ணி டேங்க் பின்னாடி இருக்குன்னு நான் சொல்லவே இல்லியே.

ஷஃபியுல்லா: …எல்லா ட்ரெய்லர்லயும் அங்கதான் வெப்பாங்கோ.

சுயம்புலிங்கம்: வைக்க மாட்டாங்க.

ஷஃபியுல்லா: ஒருவாட்டி அந்தப் பக்கமா போனேன் சார். கண்ணுல பட்டுது.

சுயம்புலிங்கம்: எப்போ?

ஷஃபியுல்லா: ஞாயித்துக்கெழம.

சுயம்புலிங்கம்: போன ஞாயிறா?

ஷஃபியுல்லா: …எல்லா ஞாயிறும்.

சுயம்புலிங்கம்: கடையில சாப்ட்டீங்களா?

ஷஃபியுல்லா: கிட்டக்க எங்க போறது? ரோட்டுக்கு எதிர்ல நின்னுக்குவேன். ஆட்டோக்காரர் ஒருத்தர உட்டு பார்சல் வாங்கியாரச் சொல்வேன். பிரியாணில உப்பு கம்மி. ஆனா அந்தத் திருநெல்வேலி சொதி… அது ஜோரு.

சுயம்புலிங்கம்: இருக்காதா பின்ன? எங்க வீட்டுப் பக்குவம்லா அது!

ஷஃபியுல்லா: தெரிஞ்சவர் வீட்டுதுன்னு நெனச்சேன். டீ சாப்புடுறீங்களா அண்ணாச்சி?

சுயம்புலிங்கம்: சொல்லுங்க. சக்கர போடாம.

ஷஃபியுல்லா: எனக்கும் சக்கரதான் ஆகாது. ரெண்டா சொல்லிடுறேன்.

சுயம்புலிங்கம்: வேல எப்ப முடியும்?

ஷஃபியுல்லா: மூணு மணிக்கு ரெடி. ஆனா வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. ட்ரெய்லர மாட்டி, ஆளுங்கள ஏத்தி ஓட்டணும். அப்பதான் திருகு எவ்ளோ வெக்கணும்னு புரியும். கூட மெக்கானிக்கு இருந்தா நல்லது.

சுயம்புலிங்கம்: அப்ப நாலு மணிக்கு நீங்களும் வாங்க. பேசணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல.

ஷஃபியுல்லா: நான் எதுக்குப் பேசப் போறேன்? ஷாக்கு சத்தத்த மட்டும் கேட்டுக்கினு வருவேன்.

சுயம்புலிங்கம்: நல்லது. முன்சீட்டு காலியாத்தான் இருக்கு, நீங்க எம்பக்கத்துல உக்காந்துக்கிடுங்க. அவங்க ரெண்டு பேரும் எப்பவும் போல பின்னாடி.

ஷஃபியுல்லா: வேணாம்… முன்சீட்டு புஷ்ராவுக்கு. பின்னாடி உக்காந்தா எம்பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வாந்தி வந்துரும். நான் உங்க பையன்கூட பின்னாடி உக்காந்துக்கிறேன், சம்பந்தி.