வெளிநாட்டுக்குப் போக வேண்டிய குப்பை

"குப்பை இல்லாம நான் எதைக்கா அனுப்புறது?"

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டவள் என் முன் சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் மூத்த பெண்.

"எங்க அனுப்பணும்மா?"

"வீடியோ போட்டிக்கு. எல்லா நாட்டுக்காரங்களும் அனுப்பலாம். நம்ம தெருவுல என்ன குறை, எப்படிச் சரி பண்ணோம்னு காட்டணும். எங்க தெருமுனையில மலை மாதிரி கெடந்துச்சே, அதைத்தான் முதல்ல எடுக்கறதா இருந்தேன்."

"எடுக்க வேண்டியதுதானே?"

"நான் வீடியோ எடுக்கப் போறதை எங்க வீட்டுக்காரர் டீக்கடையில சொல்லிட்டாரு. இன்னிக்குக் காலையில போனைத் தூக்கிட்டுப் போறேன், மொத்தத் தெருவும் சேந்து அள்ளிட்டாங்க. அந்த இடத்துல பெரிய கோலம். பக்கத்து வீட்டம்மா பட்டுப்புடவையில நிக்கறாங்க. வெளிநாட்டுக்காரங்க பாக்கறப்ப நம்ம தெரு அசிங்கமா இருக்கலாமாங்கறாங்க."

"கொஞ்சம் திரும்பக் கொட்டச் சொல்றது?"

"கேட்டேன்க்கா. அடிக்க வர்றாங்க. ரெண்டு வருஷமா குப்பை அள்ள வாங்கன்னு வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன், ஒருத்தர் வரல. நாளைக்குக் கடைசி நாள்."

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க தெருவுக்கு வர்றியா?"

அவள் முகம் மலர்ந்தது. "அங்க குப்பை கெடக்குதாக்கா?"

"நெறைய கெடக்கு. ஆனா நீ வரக்கூட வேணாம்மா. நீ வீடியோ எடுக்க வர்றதா நான் தெருவுல சொல்லிக்கறேன், அது போதும்."