அடியில் இருந்த கவர்

— அவங்ககிட்ட கேளுங்க ஏஜென்ட் சார். ரெண்டு வருஷமா அந்த அறக்கட்டளை காலிப் பெட்டியா கிடக்கறது வக்கீல் மேடத்துக்குத் தெரியுமா, தெரியாதான்னு.

— மேடம், ஆடிட்டர் சார் என்ன கேக்கறார்னா…

— காது கேக்குது எனக்கு. மூணு நாற்காலி தள்ளித்தான உக்காந்திருக்கார்? அவர்கிட்ட சொல்லுங்க. பெட்டி செஞ்சு குடுக்கறது என் வேலை. பத்திரம் எழுதினேன், டயர்கடைக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கினேன், பதிவும் பண்ணிட்டேன். பெட்டிக்குள்ள பணத்தை எடுத்து வைக்க வேண்டியது ஆடிட்டர் வேலை.

— ஆடிட்டர் சார், மேடம் என்ன சொல்றாங்கன்னா…

— எனக்கும் காது இருக்கு.

— அப்ப நடுவுல நான் எதுக்கு? தப்பா எடுத்துக்காதீங்க, கூடப் பொறந்த அக்காவும் தம்பியும் ஒரே ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கிட்டு என்னைப் பந்தாடறீங்க. உள்ள அந்த டயர்கடைக்காரர் நெஞ்சைப் பொளக்கறதுக்குத் தயாரா படுத்திருக்கார். பன்னெண்டு மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. இப்ப மணி பதினொண்ணு அஞ்சு.

— சரி. கணக்குப்படி வருவோம். யாரு, எப்ப, எதைப் பாத்தாங்க? மொதல்ல நீங்க சொல்லுங்க.

— நான் என்னத்தச் சொல்ல? காலைல ஏழரைக்குக் கடைக்காரர் போன் பண்றார். “ஏஜென்ட்டு, பாப்பா விஷயம் எல்லாம் முடிஞ்சுதுல்ல?”ன்னு. முடிஞ்சுது அண்ணேன்னுட்டேன். போனை வெச்சப்புறம் அவரோட இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்துப் பாத்தா, சத்தியமா சொல்றேன், அதுல வாரிசுப் பேரு இன்னும் பெரிய பையன் பேருதான் இருக்கு. சரி, பேங்க்ல போட்டதாவது மாறியிருக்கும்னு உங்களுக்குப் போன் போட்டேன்.

— அதுலயும் பெரியவன் பேருதான். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்டது.

— அதான் பாத்தீங்களா? அவர் பொண்ணு பாப்பாவுக்குன்னு கட்டின அறக்கட்டளைல ஒரு சல்லி இல்ல. எல்லாம் அண்ணன்காரன் பேர்ல.

— உயில் இருக்கு ஏஜென்ட் சார். உயில்ல எல்லாமே பாப்பாவோட அறக்கட்டளைக்குன்னு தெளிவா எழுதியிருக்கு.

— எழுதியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பணம் உயிலைப் படிச்சுட்டா போகும்? ஃபாரத்துல யார் பேரு இருக்கோ அவன் கைல போய் விழும். அப்புறம் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கணும். யார் கேக்கறது? பாப்பாவா? அதுக்கு முப்பத்திரெண்டு வயசு மேடம். தனியா ரோட்டைத் தாண்டத் தெரியாது. கடை பெஞ்சுல உக்காந்து டயர் வால்வு மூடியெல்லாம் கலர் கலராப் பிரிச்சு வெச்சிட்டிருக்கும். சாயங்காலம் ஷட்டரை இறக்கறப்ப தினமும் ஒரே கேள்வி, “அப்பா, நாளைக்கும் கடை உண்டா?” நேத்து ஷட்டரை இறக்கினது நான். என்கிட்டயும் கேட்டுச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உண்டுன்னேன். வேற என்ன சொல்ல?

— அவ அண்ணன் எங்க இப்ப?

— வந்துக்கிட்டே இருக்கான். போன வாரம் எனக்குப் போன் பண்ணினான். அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கடையை வித்துடலாமாம். பாப்பாவை எங்கேயோ தூரத்துல ஒரு விடுதி இருக்காம், அதுல விட்டுடலாமாம். “பழகிடும் சார்”ங்கறான். என்னமோ நாய்க்குட்டியைச் சொல்ற மாதிரி.

— போதும். ஃபாரம் எல்லாம் கைல இருக்கா?

— என் பைல இல்லாத ஃபாரம் உண்டா? பாலிசி மாத்தறதுக்கு ஒண்ணு. பேங்க் ஃபாரத்தை ஆடிட்டர் சார் கொண்டாந்திருக்கார். கடைக்காரர் கையெழுத்து போட்டா பாதி வேலை முடிஞ்சுது. உள்ள ஒரு ஆளைத்தான் விடறாங்க. நான் போய்ட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும்… தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாவாவது இருங்க.

— நர்ஸ் ரெண்டு தடவை அந்தக் கதவைத் திறந்துட்டாங்க.

— பாத்தேன்.

— ஆடிட்டர் சார், கால ஆட்டாதீங்க. நாற்காலி வரிசையே ஆடுது.

— நீங்க அந்த மோதிரத்தைச் சுத்தறதை நிறுத்துங்க, நான் நிறுத்தறேன்.

— நான் உங்களுக்கு மூணு கவர் அனுப்பினேன். பதிவுத் தபால்ல. மூணு ஒப்புகைச் சீட்டும் உங்க கையெழுத்தோட என் ஃபைல்ல இருக்கு.

— வாங்கினது உண்மை.

— வாங்கிட்டு? கேக்கறேன்ல? எதெதை மாத்தணும்னு பட்டியல் போட்டு அனுப்பினேன். நினைவுபடுத்தி இன்னொண்ணு அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்ல. சரி, வேலையைப் பாத்துட்டிருக்கார், என்கிட்ட பேசத்தான் பிடிக்கலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

— பிரிக்கல.

— என்னது?

— பிரிக்கல. மூணையும். இந்தா, இந்தப் பைலதான் இருக்கு.

— டேய். ரெண்டு வருஷமாவா? பைல வெச்சுத் தூக்கிக்கிட்டா அலையற?

— தூக்கிப் போடவும் முடியல, பிரிக்கவும் முடியல. உன் ஆபீஸ் முத்திரையைப் பாத்தாலே கை நின்னுடும். அப்பா காரியத்தன்னிக்கு கடைசியா என்ன சொல்லிட்டுப் போன? ஞாபகம் இருக்கா? சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி?

— இருக்கு.

— “இனிமே நமக்குள்ள எதுவா இருந்தாலும் காகிதத்துலதான்”ன்ன. பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுக் காகிதம் வருது. நான் என்னன்னு நெனைப்பேன்? அப்பா வீட்டுப் பங்கு கேட்டு நோட்டீஸ்னுதான் நெனைப்பேன்.

— அதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னன்னும் சொல்லுடா. “ஊருக்கெல்லாம் உயில் எழுதிக் குடுக்கறா, பெத்த அப்பனுக்கு ஒரு உயில் எழுத வக்கில்ல”ன்ன. நான் அப்பாகிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? பேப்பரைக் கொண்டு போனா, “இப்பவே என்னை அனுப்பறியா?”ன்னு முகத்தைத் திருப்பிக்குவார். அவர்கிட்ட நான் வக்கீலாவே இருக்க முடியல. மகளாத்தான் உக்காந்திருக்க முடிஞ்சுது. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சொன்னது நிஜம்ங்கறதாலதான் அவ்வளவு வலிச்சுது.

— சொல்லியிருக்கக் கூடாது.

— கூடாதுதான்.

— கடைக்காரர் வருஷா வருஷம் கணக்குக் குடுக்க வருவார்ல, அப்பல்லாம் கேப்பார். “பாப்பா விஷயம் அக்கா சொன்னாங்கல்ல?” நான் ‘ம்’முன்னுடுவேன். உன்னைப் பத்தி அவர்கிட்டப் பேச வேண்டாமேன்னு. ரெண்டு தடவை கேட்டார், ரெண்டு தடவையும் ‘ம்’. அந்த ‘ம்’மை நம்பித்தான் அந்த மனுஷன் நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கார்.

— என்கிட்டயும் கேட்டார். “தம்பி பாத்துக்கறார் அண்ணே”ன்னேன். போனை எடுத்து உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க எவ்வளவு நேரமாகும்? கேக்கல. அது என் திமிரு.

— அவன் எப்படி இருக்கான்?

— யாரு, உன் மருமகனா? உன் உயரம் வந்துட்டான். கணக்குல மட்டும் முட்டை. மாமா இருந்தா சொல்லிக் குடுப்பார்ம்பான். நான் பேச்சை மாத்திடுவேன்.

— வந்தாச்சு, வந்தாச்சு! ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்து வாங்கியாச்சு. கோணல் இல்லாம போட்டிருக்கார் மனுஷன். என்ன, ரெண்டு பேர் முகமும் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. அவர் என்ன சொன்னார்?

— நடந்ததைச் சொன்னேன். மறைக்க மனசு வரல. திட்டுவார்னு பாத்தா சிரிக்கறார். “நாலு சக்கரமும் புதுசு ஏஜென்ட்டு, நட்டு முடுக்கத்தான் ஒருத்தனும் இல்ல”ங்கறார். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “பன்னெண்டுக்குள்ள முடிஞ்சுடும்ல?”ன்னார். விடவே மாட்டேங்கறார் கையை.

— முடியும். குடுங்க இப்படி.

— நானும் யோக்கியன் இல்ல மேடம். பாலிசியைப் போட்டேன், கமிஷனை வாங்கினேன், போயிட்டேன். அறக்கட்டளை ஒண்ணு இருக்குன்னு காதுல விழுந்துது. பத்திரத்தைக் காட்டுங்கன்னு உங்ககிட்ட ஒருநாள் வந்து நின்னேனா? மூணு பேரும் ஒரே ஒரு தடவை அந்தக் கடை பெஞ்சுல உக்காந்திருந்தா அரை மணி நேர வேலை.

— இனிமே உக்காரலாம். இப்ப இதைப் பாருங்க, இங்க என்னமோ கட்டம் காலியா இருக்கே?

— அதத்தான் சொல்ல வந்தேன் சார். ரெண்டு ஃபாரத்துலயும் அறக்கட்டளையோட பொறுப்பாளர்கள் ரெண்டு பேர் கையெழுத்து கேக்குது. ஒண்ணு மேடம்னு கடைக்காரர் சொன்னார். இன்னொண்ணு யாருன்னா, “வக்கீலம்மாவைக் கேளு”ங்கறார். யாரு மேடம் அது? ஊர்லதான இருக்கார்? அரை மணிக்குள்ள வந்துடுவாரா? மேடம், மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு!

— டேய், அந்தக் கவரை எடு.

— எதை?

— அடியில இருக்கறது. மொதல்ல அனுப்பினது.

— இது… இந்தா, கிழிக்கறேன். பத்திர நகல். கூட ஒரு கடிதம். “மேற்படி அறக்கட்டளையின் இரண்டாவது பொறுப்பாளராக…” அக்கா.

— படி.

— இது என் பேரு.

— படிச்சு முடி.

— “…தங்கள் சம்மதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பின்னும் பாப்பாவை முழுமையாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்களுடையதாகும்.” இது எப்ப எழுதின? தேதி… சண்டை போட்டு ஒன்பதாவது நாள்.

— ஆமா.

— கதை அப்புறம் பேசலாம் சார், ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கம் வந்து நிக்குது! போடறீங்களா, மாட்டீங்களா? வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் அவர்கிட்ட போய்ச் சொல்லிக்கறேன்.

— பேனா எங்க? அக்கா, பேனா குடு.

— இந்தா. சம்மதக் கடிதத்துல மொதல்ல. அப்புறம் பாலிசி ஃபாரம். அப்புறம் பேங்க் ஃபாரம்.

— தேதியும் போடுங்க சார், தேதி இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவானுங்க. இங்க ஒண்ணு. பின்பக்கம் ஒண்ணு. மேடம், நீங்க இங்க. அவ்வளவுதான். குடுங்க, குடுங்க, நான் ஓடிப் போய்க் கண்ணுல காட்டிட்டு வந்துடறேன். உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி அவர் பாத்துடணும்.

— மெதுவா, தரை ஈரமா இருக்கு!

— ஓடறார் பாரு, இந்த வயசுல.

— காட்டிட்டாரா?

— கண்ணாடிக்குள்ள தெரியுது. காகிதத்தை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சிருக்கார். கடைக்காரர் கையைத் தூக்கறார். நம்மளைப் பாத்துத்தான்.

— நீயும் கையைத் தூக்குடா.

— தூக்கறேன். அக்கா, ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— பதில் வரலன்னதும் நான் மாட்டேன்னுட்டேன்னுதான நெனச்சிருப்ப?

— அப்படித்தான் நெனச்சேன்.

— அப்ப பேரை மாத்தியிருக்கலாமே. ரெண்டு வருஷம் இருந்துதே.

— மாத்தலாம்னு மூணு நாலு தடவை பத்திரத்தை எடுத்து வெச்சு உக்காந்தேன். வேற பேரே வரல எனக்கு.

— கடைக்காரருக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கையா? வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குப் பாக்கறவன் நான். எதுக்கு அவர் என் பேரைச் சொன்னார்?

— அவர் யார் பேரையும் சொல்லலடா. “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க பையனை யாரை நம்பி விட்டுட்டுப் போவீங்களோ, அந்தப் பேரைப் போடுங்கம்மா”ன்னார்.