பட்டியல்ல இல்லாத மூணாவது இடம்

சாயங்காலம் நாலரை மணி. நடுராத்திரி இல்ல... சாயங்காலம்தான். டிசம்பர் மாசம். கிளாட்ஸ்டன் தெரு.

சிரிக்காத போயன். அந்தத் தெருவுல எந்நேரமும் ஜனம் இருக்கும், பேய்க்கு அங்க என்ன வேலைன்னுதானே கேக்கப்போற? அடுப்புல ஒரு கட்டையைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு கேளு. போன வருஷம் நம்ம சோபியா நகரத்தை நாலு நாள் மூடிப்போட்ட பனிமூட்டம் ஞாபகம் இருக்கா? கையை நீட்டினா விரல் தெரியல. அந்த நாலாவது நாள். கடைக்காரங்க எல்லாம் அப்பவே ஷட்டரை இறக்கிட்டாங்க. தெரு பூரா கரிப்புகை... அதுக்கு அடியில, வீடுங்களோட நிலவறையில குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட்டு வச்சிருக்கிற முட்டைக்கோஸ் வாசனை. ஈ காக்கா இல்ல. ஒரு பொண்ணு மட்டும் தெரு முனையில நின்னுக்கிட்டிருக்கா.

அவ பேர் நெவேனா. என் ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ராட்கா இருக்காள்ல, அவளோட கூடப்பொறந்த அக்கா. ராட்கா பொய் சொல்ற ஆளு இல்ல. சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் எங்களுக்கு மேனேஜர் ஆகியிருப்பா.

நெவேனா ஒரு கைடு. ஊரைச் சுத்திக் காட்டுறதுதான் பொழப்பு. இங்கிலாந்துக்காரங்களுக்குன்னே ஒரு சின்ன நடை வச்சிருந்தா. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊருங்க எரிஞ்சப்போ, லண்டன்ல உக்காந்துக்கிட்டு நமக்காகத் தொண்டை கிழியப் பேசுனாரே கிளாட்ஸ்டன்... அவர் பேர்ல இருக்கிற தெரு, அவர் பேர்ல இருக்கிற பள்ளிக்கூடம். பட்டியல்ல மொத்தமே ரெண்டு இடம்தான். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்.

அன்னைக்கு அவ வேலைக்கு வந்திருக்கவே வேண்டாம். அவ புருஷன் ருமென், கூரை மேல ஆன்டெனாவைச் சரி பண்ணப் போய்க் கால் தவறி விழுந்து, பதினோரு நாளா ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கான். ஆறு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் வீட்டுல அவனோட காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டிருந்தா பைத்தியம் பிடிச்சுடும்னு கிளம்பி வந்துட்டா. அன்னைக்குக் காலையில ராட்கா மடியில விழுந்து அழுதாளாம். "அவன் வீட்டுக்கு வந்தாப் போதும்டி. எப்படி வந்தாலும் சரி..."

எப்படி வந்தாலும் சரி. அந்த வார்த்தையை அவ சொல்லியிருக்கக் கூடாது.

டக்.

...டக்.

தடி ஊன்றுற சத்தம். பனிக்குள்ளேர்ந்து ஒருத்தர் வந்தார். நல்ல உசரம். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு. நனைஞ்ச கம்பளி வாசனை. கூடவே, இப்பதான் ஊதி அணைச்ச மெழுகுவத்தி வாசனை.

"மன்னிக்கணும். ரொம்பக் காக்க வச்சுட்டேனா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார்.

நெவேனா தலையை மேலும் கீழும் ஆட்டினா. நமக்கு அது 'இல்லை'. ஆனா அவங்க ஊர்ல அதுதானே 'ஆமா'. மனுஷன் முகம் வாடிப்போச்சு. அப்பதான் இவளுக்கு உறைச்சுது. வெளியூர்க்காரங்க முன்னாடி எப்பவும் மாத்தி ஆட்டுற பொண்ணுதான். பதினோரு நாளா தூக்கம் இல்ல பாரு, உடம்பு பழக்கத்துக்குப் போயிடுச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு மேலும் கீழும் ஆட்டினா 'இல்லை'. பக்கவாட்டுல ஆட்டினாத்தான் 'ஆமா'. உங்களுக்கு அப்படியே தலைகீழ்."

"தெரியும்"னார் அவர். "அதனால நான் ரொம்ப நஷ்டப்பட்டிருக்கேன். சரி, இன்னைக்கு நமக்குள்ள எதை வச்சுக்கலாம்? உங்க வழக்கமா... என் வழக்கமா?"

"விருந்தாளி நீங்க. உங்க வழக்கமே இருக்கட்டும்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பதினோரு நாள்ல முதல் சிரிப்பு. பக்கவாட்டுல ஆட்டினா, அவர் வழக்கத்துல 'மாட்டேன்'.

நடந்தாங்க. டக்... டக். கொஞ்ச தூரம் போனதும்தான் ஏதோ சரியில்லன்னு அவளுக்குப் பட்டுச்சு. என்னன்னு பிடிபடல. அப்புறம் உத்துப் பார்த்தா... தடி தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே சத்தம் வருது. முதல்ல 'டக்'. அதுக்கப்புறம்தான் தடி இறங்குது.

தூக்கம் கெட்ட கண்ணு, அப்படித்தான் தெரியும்னு மனசைத் தேத்திக்கிட்டா.

தெருப் பலகைக்குக் கீழ நின்னு வழக்கமா ஒப்பிக்கிறதை ஒப்பிச்சா. அவர் பலகையைப் பார்க்கவே இல்ல. கதவுல ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் படிச்சுக்கிட்டிருந்தார். நம்ம ஊர்லதான் ஒரு கதவு பாக்கி இருக்காதே! நாப்பதாம் நாள், ஆறாம் மாசம், வருஷ நினைவு... ஒவ்வொரு கதவா நின்னு, ஒவ்வொரு பேரா வாய்விட்டுப் படிச்சார். கடைசியில ஒரு பெருமூச்சு.

"எல்லாருக்கும் படம் போட்டிருக்கு"ன்னார். பொறாமைப்படுற மாதிரி இருந்துச்சாம் அந்தக் குரல்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி அஞ்சு இருக்கும். கேட்டு பூட்டியிருக்கு. ஒரு விளக்கு கூட இல்ல. நெவேனா நன்றி சொல்லிக் கிளம்பப் பார்த்தா.

"ரெண்டு ஆச்சு. மூணாவது?"

"மூணாவது கிடையாதுங்க. அவ்வளவுதான்."

"இருக்கு. வாங்க."

ஏன் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியல. அந்தப் பேட்டையிலேயே பொறந்து வளர்ந்தவ அவ. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி அப்படி ஒரு சந்து இருக்கிறதை அவ பார்த்ததே இல்ல. ரெண்டு பக்கமும் ஈரச் சுவர். கரிப்புகை வாசனை கூட அங்க இல்ல... மெழுகுவத்தி மட்டும்தான். சந்து முடியுற இடத்துல ஒரு மரக்கதவு. அதுக்குப் பக்கத்துல நாலு ஸ்க்ரூ போட்ட பித்தளைத் தகடு. தகட்டுல கிளாட்ஸ்டன் பேர். அதுக்குக் கீழ பொடி எழுத்துல: 'அவர் பேரைச் சொல்லி இந்த ஊருக்கு வந்து, இந்த வீட்டில் தங்கி, வீடு திரும்பாதவரின் நினைவாக.'

கதவுல ஒரு நோட்டீஸ். பசை இன்னும் காயல, வடியுது. பேர் இருக்க வேண்டிய இடம் காலி. படம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெள்ளைக் கட்டம்.

"இது... யாருக்கு?"

"படம் இன்னும் வரல"ன்னார். அப்புறம் அவ பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையா, ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்டுல ஒரு நாற்காலி பதினோரு நாளா காலியா இருக்கு. நான் வரலாமா?"

அவ ருமெனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நாற்காலியைப் பத்தி அதுவரைக்கும் ராட்கா கிட்டகூட சொல்லல.

கத்தணும்னு நினைக்கிறா. நாக்கு எழும்பல. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு உடம்புல ஒவ்வொரு எலும்பும் சொல்லுது. தலை தானா ஆடுது. அம்மா வயித்துலேர்ந்து வந்த பழக்கம், வேற எப்படி ஆடும்?

மேலும் கீழும். மேலும் கீழும்.

அவர் தொப்பியைக் கழட்டினார். கண்ணு கலங்கியிருந்துச்சாம்.

"இத்தனை வருஷத்துல யாருமே சரின்னு சொல்லல"ன்னார்.

அந்த நேரம் பார்த்து பைக்குள்ள போன் அடிச்சுது. குனிஞ்சு எடுத்துட்டு நிமிர்றா... ஆள் இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ். "எங்கம்மா இருக்கீங்க? சீக்கிரம் வாங்க! உங்க வீட்டுக்காரர் கண்ணைத் திறந்துட்டார்!"

ஓடினா. விழுந்தடிச்சு ஓடினா. எதிர்ல வந்த டாக்ஸியில ஏறிப் போய்ச் சேர்ந்தா, கட்டில்ல தலையணையை முட்டுக் குடுத்து ருமென் உக்காந்திருக்கான். மாமியார் கட்டிலோட கால்மாட்டுல நின்னு சிலுவை போட்டுக்கிட்டிருக்காங்க.

"ருமென்... நான் யாருன்னு தெரியுதா?"

அவன் அவளையே பார்த்தான். மெதுவா தலையை ஆட்டினான். மேலும் கீழும்.

"ஐயோ, கட்டினவளையே தெரியலங்கிறானே!"ன்னு மாமியார் கத்தித் தீர்த்துட்டாங்க. அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்னு டாக்டர் சமாதானம் சொன்னார். நெவேனா மட்டும் அழல. அவளுக்குத்தான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் தெரியுமே. அவன் சிரிச்சுக்கிட்டே, நம்ம பாஷையில, ருமென் குரல்லயே கேட்டான்:

"ரொம்பக் காக்க வச்சுட்டேனா?"

என்ன போயன், கிளாஸைக் கீழ வச்சுட்ட? குடி, குடி. இன்னும் முடியல.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. எல்லாருக்கும் கொண்டாட்டம். பழைய ருமென் எப்படி? "ஏய் நெவி, சாப்பாடு எங்கடி"ன்னு வாசப்படியிலேயே கத்துவான். பந்து விளையாட்டு பார்க்கும்போது டிவியோட சண்டை போடுவான். இப்போ குரலே உசர்றதில்ல. இங்கிலாந்துக்காரங்க மாதிரி தேத்தண்ணியில பால் ஊத்திக் குடிக்கிறார். பொண்டாட்டியை 'நீங்க'ங்கிறார். "அடிபட்டதுல என் பையனுக்கு மரியாதை வந்துடுச்சு!"ன்னு மாமியார் ஊர் பூரா சொல்லிச் சிரிச்சாங்க. நானும் இப்போ அவர்னு சொல்றேன் பாரு. அவன்னு வாய் வரல.

கால் பலமாகுற வரைக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தடி குடுத்து விட்டிருந்தாங்க. ராத்திரி கூடத்துல நடப்பாராம். நெவேனா கட்டில்ல படுத்துக்கிட்டு கதவிடுக்கு வழியா பார்ப்பா. முதல்ல டக். அப்புறம்தான் தடி.

பிப்ரவரியில ஒரு நாள், பட்டப்பகல்ல, நல்ல வெயில்ல, அவ அந்த இடத்தைத் தேடிப் போனா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சந்து எதுவும் இல்ல. ஊறுகாய் விக்கிற அம்மா கிட்ட கேட்டா, "முப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன், ஏது சந்து?"ன்னுட்டாங்க. ஒரே நீளச் சுவர். ஆனா சுவர்ல ஒரு இடத்துல, எந்தக் காலத்துலயோ செங்கல் வச்சு அடைச்ச கதவு. பக்கத்துல நாலு ஸ்க்ரூ ஓட்டை. தகடு இல்ல.

நோட்டீஸ் இருந்துச்சு.

படம் வந்திருந்துச்சு.

ருமென். விழுந்த அன்னைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. கத்திச் சிரிக்கப் போறவன் மாதிரி கண்ணை இடுக்கிக்கிட்டு, அவளோட ருமென். கீழ அவன் பேர். அந்தப் பனிமூட்ட நாளோட தேதி.

அந்தச் சுவர்ல நெத்தியை வச்சு அழுதாளாம். ஒரு சாவுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு அழ முடியலன்னா அதை விடக் கொடுமை என்ன இருக்கு? யார் கிட்ட போய்ச் சொல்றது, என் புருஷன் செத்துட்டான்னு? அவர்தான் வீட்டுல உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டிருக்காரே. சந்தையில போய் நாலு பூ வாங்கினா. ரெட்டைப்படையில. செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி. அங்க வச்சுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்தா.

அவர் அந்த நாற்காலியில, வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தார். வீடு பூரா மெழுகுவத்தி வாசனை. திரும்பிப் பார்க்கல.

"வந்துட்டீங்களா நெவேனா? படம் வந்துடுச்சா?"

அவ தலை தானா ஆடுச்சு.

மேலும்... கீழும்.

இந்தத் தடவை அது 'இல்லை' இல்ல.