நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை

இரு பிரிசில்லா, இரு. வாயத் தொறக்கிறேன், எங்க ஓடிடப் போறேன்? ஸ்ட்ரெச்சர்ல பெல்ட்டு போட்டுல்ல கட்டி வச்சிருக்க. அந்த மாத்திரைய மட்டும் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிரு. ஆஸ்பிரின் குடுத்தப்ப வேணாம்னேனா? நீ சொன்ன மாதிரியே மென்னுதான முழுங்குனேன். நாக்குக்கு அடியில வைக்கிறது வேற சமாச்சாரம். அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நெறைய இருக்குல்ல. ஒனக்கே தெரியும், ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான வேல பாக்குறோம். இன்னிக்கு லீவு போட்டதால நான் படுத்திருக்கேன், அவ்ளோதான்.

வலியா? இருக்கு. நெஞ்சு நடுவுல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி. எடது கையில எறங்குது. இத்தன வருஷமா இதே கேள்விய எல்லாருகிட்டயும் கேட்டேன். எல்லாரும் இதே பதிலதான் சொன்னாங்க. மனுஷங்களுக்கு வேற மாதிரி சொல்லவே தெரியாதான்னு நெனச்சிப்பேன். எனக்கும் தெரியல பாரு.

புஷ்பவள்ளி முன்னாடி, வண்டி ஓட்டுற உபைதுல்லா மச்சான் பக்கத்துலதான ஒக்காந்திருக்கா? நல்லது, அங்கயே இருக்கட்டும். பின்னாடி ஏத்தியிருந்தீன்னா என்னை வுட்டுட்டு எம் பொண்டாட்டிக்கு நீ சோடா குடுத்துக்கிட்டு இருந்திருப்ப.

பி.பி.ய இன்னொரு வாட்டி பாரு. மேல நூறுக்குக் கீழ இருந்தா அத வைக்கக் கூடாதுல்ல? கார்டுலயே போட்டிருக்கு. எவ்ளோ? நூத்தி நாப்பத்தெட்டா? மிஷின நம்பாத. கையால அடிச்சிப் பாரு. ம்... அதேதானா. வேண்டாத நேரத்துலதான் இதெல்லாம் நல்லாருக்கும்.

சரி, ஈசிஜிய வலது பக்கம் ஒட்டி ஒண்ணு எடு. வெளயாட்டுக்குச் சொல்லல. வலது பக்கம் அடைப்பா இருந்தா இந்த மாத்திரை ஆளையே கவுத்துடும். கிளாஸ்ல சொன்னாங்களா இல்லியா? அப்ப எடு. எடுத்தாத்தான் நிம்மதி. ஒனக்கில்லன்னாலும் எனக்கு. ஏன் சிரிக்கிற? நெஞ்சு முடி நரைக்காம என்னா பண்ணும்? எங்க, காட்டு. கண்ணாடி இல்லாம ஒரே எறும்பு ஓடுற மாதிரி இருக்கு. நீயே சொல்லு. வலது பக்கம் சுத்தமா இருக்கா? என் ஜாதகத்துல எதுவும் சுத்தமா இருந்ததில்ல, இன்னிக்குன்னு பாத்து இது மட்டும் இருக்கு.

எக்ஸ்பைரி? பாத்துட்டியா. ம்.

என்னா கேட்ட? சைரன்ல காதுல வுழல. ஓ, அந்தக் கேள்வியா. கேளு, கேளு, நீ கேட்டுத்தான் ஆவணும். கேக்காம குடுத்திருந்தா நானே ஒன் மேல ரிப்போர்ட் பண்ணியிருப்பேன். கேட்டுட்டல்ல, சரி. திருவதிகை எச்செம் கத ஞாபகம் இருக்கா ஒனக்கு?

இல்ல, பேச்ச மாத்தல. வலி பேசினாத்தான் தெரியாம இருக்கு.

தட்சிணாமூர்த்தின்னு பேரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. நெஞ்சு வலின்னு கூப்ட்டாங்க, போனோம். வண்டிக்குள்ள மருமக ஒண்ணு, மச்சினன் ஒருத்தரு, பக்கத்து வூட்டுக்காரரு ஒருத்தரு. அவுரு எதுக்கு ஏறுனாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் மாத்திரைய பிரிச்சி வச்சிக்கிட்டு கேட்டேன். அய்யா, ஆம்பளைங்க சமாச்சாரத்துக்குப் போடுறது எதாச்சும் இந்த ரெண்டு நாள்ல போட்டீங்களா, அது ஒடம்புல இருக்கும்போது இத வச்சா பிரஷர் தடால்னு எறங்கிடும்னு. மனுஷன் என்னை மொறச்சாரு பாரு, பரீட்சையில காப்பியடிச்சவன மொறைக்கிற மாதிரி. இல்லைன்னாரு. சரின்னு வாய்கிட்ட கொண்டு போறேன், பல்ல கடிச்சிக்கிட்டாரு! தொறக்கவே மாட்டேங்கிறாரு. மருமக வேற, மாமா தொறங்க மாமான்னு அழுவுது. அப்பதான் எனக்கு வெளங்குச்சி. மாத்திரைய தூக்கி ஓரமா வச்சிட்டேன். ஆளு பொழச்சிக்கிட்டாரு.

அத எத்தினி வாட்டி சொல்லிச் சிரிச்சிருப்பேன்? புதுசா யாரு வேலைக்குச் சேந்தாலும் மொத டீக்கு அந்தக் கததான். நீ சேந்தப்பவும் சொன்னேன். நீ மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு சிரிச்ச. உசுரு பெருசா மானம் பெருசான்னு அந்தாளுகிட்ட கேட்டிருக்கணும்னு வேற சொன்னேன்ல. அப்ப நான் ஒக்காந்திருந்தேன். ஒக்காந்துகிட்டு கேக்குறப்ப அது சுளுவான கேள்விதான்.

நான் ஒண்ணும் பல்ல கடிக்கலியே. பேசிக்கிட்டுத்தான இருக்கேன்.

இல்ல, யோசிச்சிப் பாத்தா, அந்தக் கேள்விய நான் எப்பிடிக் கேட்டிருக்கேன்? சக்கர இருக்கா, பிரஷர் இருக்கா, அதப் போட்டீங்களா. ரேஷன் கடையில துவரம்பருப்பு வேணுமா பாமாயில் வேணுமான்னு கேக்குற மாதிரி, ஒரே மூச்சுல. பொண்டாட்டி இருக்கா, புள்ளைங்க இருக்கா, எதையும் பாத்ததில்ல. எல்லாரும் இல்லைன்னுதான் சொன்னாங்க. வேற என்னாத்த சொல்லுவாங்க? நானும் மாத்திரைய வச்சேன். நல்லாயிட்டாங்க, முக்காவாசிப் பேரு. ஒண்ணு ரெண்டு பேருக்கு வச்சதும் பிரஷர் வுழுந்துது. நோயோட வேகம்னு நெனச்சிக்கிட்டோம். நோயோட வேகமாவும் இருக்கலாம்.

யாரு போன்ல? டாக்டரா? என்னா சொல்றாரு? இன்னும் ஏன் வைக்கலைன்னு கேக்குறாரா? நியாயந்தான். நான் அவுரு எடத்துல இருந்தாலும் கத்துவேன். எங்க வந்திருக்கோம்? முட்லூர் தாண்டியாச்சா?

வேர்க்குதா எனக்கு? ஆமா, சட்டையெல்லாம் நனஞ்சி போச்சி. வலியும் இப்ப ஜாஸ்தியாதான் இருக்கு, பொய் சொல்லல.

என்னா? ஃபாரத்துல இல்லைன்னு போட்டுக்கிட்டு மாத்திரைய வச்சிடவா?

போடாத. வைக்காத.

மதியம் சாப்ட்டுட்டு ஒண்ணு போட்டேன். ஆமா, அதுதான். கடலூர்ல வாங்கல, அங்க எல்லா மெடிக்கல்லயும் என்னைத் தெரியும். சிதம்பரம் போயி, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடையில, மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்குனேன். அந்தப் பய கேட்டான், நெஞ்சு வலி எதாச்சும் இருக்காண்ணே, அதுக்கு எதாச்சும் மாத்திரை சாப்புடுறீங்களான்னு. எவ்ளோ பொறுப்பா கேட்டான் தெரியுமா? எனக்குக் கோவம் வந்துடுச்சி. யாருகிட்ட வந்து என்னா கேக்குறான்னு.

டாக்டர்கிட்ட சொல்லிடு. அவுரு வேற வழி சொல்லுவாரு, வலிக்கு ஊசி இருக்கு. சொல்லு, வெக்கப்படாத. நானே சொல்லிட்டேன், ஒனக்கென்னா?

புஷ்பவள்ளிக்குத் தெரியாது. தெரியறதுக்கு ஒண்ணும் நடக்கவும் இல்ல. திட்டக்குடியில மகளுக்குப் பிரசவம் பாக்கப் போனவ, ரெண்டு மாசம் கழிச்சி இன்னிக்குக் காலையிலதான் வந்தா. வந்ததும் வராததுமா வூட்டக் கூட்டுனா, நான் போட்டு வச்சிருந்த பாத்திரத்தையெல்லாம் தேச்சா, கொழம்பு வச்சா. நான் லீவு போட்டுட்டு சும்மா குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டு இருந்தேன், புது மாப்ள மாதிரி. சாப்ட்டுட்டு உள்ள போயிப் பாக்குறேன், பஸ்ல வந்த அலுப்பு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவ அப்பிடியே தூங்கிட்டா. கொறட்ட வேற. எழுப்ப மனசு வரல. ஃபேன அவ பக்கம் திருப்பி வுட்டுட்டு பக்கத்துல ஒக்காந்திருந்தேன்.

அப்பதான் வலி ஆரம்பிச்சிது. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நான் எழுப்பல. அத மட்டும் அவகிட்ட சொல்லிடாத.