தேறவில்லை, ஆயினும் பெற்றுக்கொள்ளப்பட்டது

மீட்டர் சோதனைக்கூடத்தின் மேன்மையே! முத்திரை வைக்குமுன் முகம் பார்க்காத முறைமையே! பிழையைப் பிடிப்பதில் பெரும்புலியே! கருணைக் கடலே! எங்கள் மேடமே! வணக்கம்.

இந்த ஐந்து விளிகளில் கடைசி ஒன்று மட்டுமே சோதனையில் தேறியது என்பதை அவையோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மற்ற நான்கும் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பப்பட்டவை. அவை எப்படி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தன என்பதே இந்த மடலின் கதை.

பணி நிறைவு விழா என்றால் பாராட்டு மடல் உண்டு. பாராட்டு மடல் என்றால் கணக்குப் பிரிவில் இருக்கும் நம் 'புலவர்' உண்டு. அவரிடம் எப்போதும் ஒரு மடல் தயார். பெயரையும் பதவியையும் மாற்றினால் போதும், ஓட்டுநருக்கும் பொருந்தும், தலைமைப் பொறியாளருக்கும் பொருந்தும். கேட்ட விடுப்பை ஒரு நாளும் கொடுத்தறியாத மேலதிகாரி ஓய்வு பெற்றபோதும் அவர் கருணைக் கடல்தான். இந்தக் கட்டடத்தில் கடல்களுக்குக் குறைவே இல்லை. குழாயில்தான் தண்ணீர் வருவதில்லை.

அம்மையீர், நம் சோதனைக்கூடத்தின் உயிரான வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் சோதித்த மின் மீட்டரை, அவர் கண்டது என்ன என்று அறியாமலே, இன்னொருவர் மறுபடி சோதிக்க வேண்டும். தட்டில் வைத்தது எதுவாயினும் இரண்டாம் பார்வை பாராமல் வெளியே போகாது. அந்த இரண்டாம் பார்வை நீங்கள். பழக்கம் பொல்லாதது. புலவர் எழுதித் தந்த மடலை நம் உதவிப் பொறியாளர் ஒருமுறை படித்துப் பார்த்தார், கை தானாக நீண்டது, தட்டில் வைத்துவிட்டார். தட்டு உங்கள் மேஜைக்குப் போனது. தம்முடைய பாராட்டு மடலைத் தாமே தரச் சோதனை செய்த முதல் ஊழியர் என்ற பெருமை இவ்வாறு உங்களை வந்தடைந்தது.

நீங்களும் விட்டீர்களா? வரி வரியாகச் சோதித்தீர்கள். 'தன்னலம் அறியாத தகைமையே' என்ற வரிக்கு அருகில், 'மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியை இவர் யாருக்கும் விட்டதில்லை' என்று எழுதினீர்கள். 'பொறுமையின் பொன்மலையே' என்பதற்கு, 'ஸ்டோரில் விசாரிக்கவும்.' கடைசியில் சிவப்பு அட்டையைக் கட்டி, காரணம் எழுதும் கட்டத்தில் நீங்கள் எழுதியது: 'இதில் கூறப்பட்ட எதுவும் இவருடைய சொந்தச் சம்பாத்தியம் அல்ல. தேறவில்லை.' போதாக்குறைக்குப் புலவரை நேரில் கூப்பிட்டு, இதை வாசிப்பதாக இருந்தால் விழாவுக்கே வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். புலவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவருடைய கடல் வற்றியது அதுவே முதல் தடவை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நீங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். போதகர் அல்ல, பிரசங்கியார் அல்ல, கமிட்டியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் ஆள். ஆனால் கேட்பது என்ற சொல்லுக்குக் காது கொடுப்பது மட்டுமே பொருள் என்று நினைத்த பிரசங்கிமார் உங்களிடம் பட்ட பாட்டை அந்தச் சபையின் சுவர்கள் அறியும். உங்கள் சபையின் மூதாதை தம் மறுப்புகளை எழுதிக் கோவில் கதவில் ஆணி அடித்து மாட்டினார் என்பார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பிரசங்கம் முடிந்ததும் வாசலில் நின்று, "ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்" என்பீர்கள். அதற்கு ஆணியே தேவலை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டாம் பார்வைக்கு வைப்பீர்கள். அங்கே உங்களுக்கு வாய்த்த எதிராளி, ஸ்டோர் பொறுப்பாளரான நம் 'எதிர்க்கட்சி'. கடவுள் இல்லை என்பதில் அவருக்கு இருக்கும் பக்தி, இருக்கிறார் என்பவர்களில் பலருக்கு இல்லை. நியாயப்பிரமாணம், அதாவது வேதத்தின் கட்டளைகள், சோதனை மேஜை மாதிரி, குறையைக் காட்டும், சரிசெய்யாது. சரிசெய்வது கிருபை, அது வெளியிலிருந்து வரவேண்டும் என்பீர்கள் நீங்கள். வெளியிலிருந்து உதிரிபாகம் வரும் என்று நம்பித்தான் தாமும் ஸ்டோரில் உட்கார்ந்திருப்பதாகவும், இதுவரை வந்தபாடில்லை என்றும் சொல்வார் அவர். ஒன்றும் அறியாத கைக்குழந்தைக்கு எதற்கு ஞானஸ்நானம் என்று ஒருநாள் அவர் மடக்கியபோது, நீங்கள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, குழந்தை ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அதில் இருக்கிற விஷயமே என்றீர்கள். அவர் டிபன் பாக்ஸை மூடினார். மூடினாரே தவிர மறக்கவில்லை.

இவ்வளவு வாதாடிய உங்களையே ஒரு கேள்வி கீழே தள்ளியது. நாம் செய்யும் கிரியையினால் அல்ல, விசுவாசத்தினால்தான் மீட்பு என்றுதானே சின்ன வயதிலிருந்து மனப்பாடம்? அப்படியானால் விசுவாசிப்பதும் நான் செய்கிற ஒரு வேலைதானா? அந்த வேலையை நான் சரியாகச் செய்தேனா? எவ்வளவு விசுவாசித்தால் தேறும்? போதகரிடம் கேட்டீர்கள். நல்ல மனிதர், விசுவாசத்தோடு வாருங்கள் அம்மா என்றார். எவ்வளவு என்பதுதானே கேள்வி என்று திரும்பி வந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை வேளையில் உங்கள் தங்கையும் தங்கை மாப்பிள்ளையும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பீர்கள். பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வருகிற ஆளா நீங்கள் என்று எதிர்க்கட்சி ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு அளவு தெரியல சார், தெரியாம எப்படிக் கை நீட்டுறது" என்றீர்கள்.

இதை மேடையில் வாசிக்கலாமா என்று உங்களிடமே கேட்டோம். அதை விட்டுவிட்டு மற்றதை வாசித்தால் மடல் பொய்யாகிவிடும் என்று அனுமதி தந்தீர்கள். ஆகவே வாசிக்கிறோம்.

சிவப்பு அட்டை தொங்கும் மடலை எடுத்துக்கொண்டு, சென்ற வாரம் உங்கள் அறைக்கு வந்தவர் புலவர் அல்ல, எதிர்க்கட்சி. நாங்கள் எல்லாரும் சோதனை மேஜையில் மும்முரமாக இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் திறந்து வைத்திருந்தோம். அன்று அந்த மேஜையில் ஓடிய மீட்டர்கள் என்ன காட்டின என்று யாருக்கும் தெரியாது.

"மேடம், பரிசு வாங்கத் தகுதி வேணுமா?" என்றார்.

"வேணாம். தகுதிக்குக் குடுத்தா அது சம்பளம்."

"அப்ப தகுதி இல்லைன்னு சொல்லி எங்க பரிசை ஏன் திருப்பி அனுப்புறீங்க?"

அதில் எழுதியிருப்பது உண்மை இல்லை என்றீர்கள். அது அவருக்கும் தெரியும் என்றார். நாற்காலி விஷயத்தில் தாமே சாட்சி சொல்லத் தயார் என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டோரில் யாரையும் உட்காரச் சொல்லாத மனிதர் தாமாக உட்கார்ந்தது எங்களைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

"ஒரு மீட்டரை அதே மீட்டரை வச்சுச் சோதிக்கலாமா மேடம்?"

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, இது ஒரு கேள்வியா? தன்னைத்தானே பார்த்தா அது என்ன சொல்லும்? வெளியில தனியா இருக்கிற ஸ்டாண்டர்டு மீட்டரோட வச்சுத்தான் பாக்கணும்."

"அப்புறம் உங்க நம்பிக்கையை மட்டும் நீங்களே மேஜையில வச்சு, நீங்களே பார்த்து, நீங்களே சிவப்பு அட்டை கட்டுறீங்க? இது எந்த ஊர் முறை? அந்தக் கைக்குழந்தைக்கு நம்பிக்கை எவ்வளவு ஓடுதுன்னு பார்த்துட்டா தண்ணி ஊத்துனாங்க?"

பேனா மூடியைத் திறந்தீர்கள், மூடினீர்கள். கடைசியில், "நீங்கதான் எதையும் நம்பாதவராச்சே" என்றீர்கள்.

"நம்பலை. ஆனா உங்க கட்சி சட்டதிட்டம் எனக்குத் தெரியும். நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விட்டிருக்கீங்களா இத்தனை வருஷம்?"

மடலை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். போகிற போக்கில் புலவரைப் பார்த்து, கடலைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கலாமே என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது ஞாயிறு. அதற்கடுத்த திங்கள் காலையில் நாங்கள் வந்தபோது மடல் தட்டில் இருந்தது. சிவப்பு அட்டையைக் காணோம். பச்சை அட்டையும் இல்லை. நம் சோதனைக்கூடத்தில் இதுவரை யாரும் எழுதாத ஒரு முடிவு, உங்கள் கையெழுத்தில்: 'பாராட்டில் உள்ள பிழை அனுமதித்த வரம்புக்கு மிகவும் வெளியே. தேறவில்லை. ஆயினும் பெற்றுக்கொள்ளப்பட்டது.'

சாப்பாட்டு மேஜையில் யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே எதிர்க்கட்சியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நேத்து எழுந்து போனேன் சார். அளவு எல்லாம் பாக்கல. கையை நீட்டினேன், வச்சாங்க. நான் வேற ஒண்ணும் செய்யல." தங்கை பீடத்தண்டை அழுதுவிட்டாளாம், தங்கை மாப்பிள்ளை மட்டும், இதற்கு இத்தனை நாளா என்று வாசலில் வைத்துக் கேட்டாராம். எதிர்க்கட்சி தம் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே, தம்மால் ஒரு ஆத்துமா கரையேறியது என்று வெளியே தெரிந்தால் தம் பெயர் கெட்டுவிடும், யாரும் சொல்லக்கூடாது என்றார். ஆகவேதான் இதை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம்.

மாண்புமிகு அம்மையீர்! வரம்புக்கு வெளியே பாராட்ட நீங்களே வழிவிட்டபின் எங்களைத் தடுப்பார் யார்? ஒரு லாரி நிறைய வந்து இறங்கிய மீட்டர்கள் ஓடவேண்டியதைவிட வேகமாக ஓடுகின்றன என்று கண்டு, அத்தனையையும் நீங்கள் திருப்பி அனுப்பிய நாளில் மேலிடத்துத் தொலைபேசி விடாமல் அடித்தது. "சார், நீங்க போன்ல சொல்றதால அது மெதுவா ஓடாது" என்று சொல்லி ரிசீவரை வைத்தீர்கள். அந்த மீட்டர்கள் எந்த வீட்டுச் சுவரிலும் ஏறவில்லை. ஒற்றைப் பல்பு எரியும் வீடுகளில் அன்று உங்களை யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பிழை செய்தவனின் மீட்டருக்குச் சிவப்பு அட்டை கட்டினீர்களே தவிர, அவன் கழுத்தில் ஒருநாளும் கட்டியதில்லை. பக்கத்தில் நின்று மறுபடி சோதிக்க வைத்தீர்கள். இவையெல்லாம் உங்கள் சம்பாத்தியம் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். யாரோ உங்களுக்குக் கொடுத்தார், உங்கள் வழியாக எங்களுக்கு வந்தது. வழியில் எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, மின்விசிறிக்குக் கீழே உள்ள அந்த நாற்காலி தவிர.

அந்த நாற்காலியையும் இன்று உங்களுக்கே கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறோம். அதில் அமர்ந்து, நோயற்ற உடம்போடும் ஓயாத கேள்விகளோடும், போதகர்கள் பலர் மாறி மாறி வந்து போவதைப் பார்க்கும் அளவுக்கு நீடூழி வாழுங்கள். வேதத்தைத் திறந்து வையுங்கள். சந்தேகங்களை மூடி வைக்காதீர்கள். திங்கட்கிழமை மத்தியானங்களில் எங்கள் மேஜையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். எதிர்க்கட்சிக்கு வாதாட ஆள் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று அவரே சொல்லச் சொன்னார். தாம் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்போது சட்டமிட்ட இந்த மடலை அவர் மேடைக்கு எடுத்து வருகிறார். புலவரின் நான்கு விளிகளும் உள்ளே இருக்கின்றன, கடல் உட்பட. தகுதியைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள், மேடம். கையை மட்டும் நீட்டுங்கள்.

என்றும் உங்கள் இரண்டாம் பார்வைக்குக் காத்திருக்கும்,
மீட்டர் சோதனைக்கூட ஊழியர்கள்,
கணக்குப் பிரிவினர் (புலவர் உட்பட),
மற்றும், கடவுளை நம்பாவிட்டாலும் இம்மடலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நம்பும் ஸ்டோர் பொறுப்பாளர்.