பைக்குள் முழுகிய டார்ச்

"சட்டைப் பையில போட்டா பாதியாவது வெளிய தெரியோணுமுங்க. இது முழுசா உள்ள முழுகிப் போவுதே!"

ஜலகண்டாபுரத்திலிருந்து ஓமலூர் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் பஸ்ஸில், நட்ட நடு மத்தியானத்தில், எதிர் பலகையிலிருந்த தலைப்பாக்காரர் இப்படிச் சொன்னார். என் பக்கத்தில் ஒரு நெசவுக்காரர், அவரை ஒட்டி அவருடைய மகள். நெசவுக்காரர் கையில் விரல் நீளத்துக்கு ஒரு புது டார்ச்.

"மாப்பிள்ளை கேட்டாருங்க," என்றார் நெசவுக்காரர். "இது இல்லாம வராதேன்னு புள்ளைய ரெண்டு மாசமா எங்க ஊட்டுலயே உட்டுட்டாரு. இப்பத்தான் இதை வாங்கிக்கிட்டுப் புள்ளையக் கொண்டுபோய் உடறேனுங்க."

"ராத்திரியில வயலுக்குத் தண்ணி கட்டப் போவாருங்களா?" என்றார் தலைப்பாக்காரர்.

"இல்லீங்க. பொழுது சாஞ்சா வாசப்படி தாண்ட மாட்டாரு."

"அப்புறம் அவருக்கு எதுக்குங்க?"

"அவரு சினேகிதரு ஒருத்தரு பையில வெச்சிருக்காராமுங்க."

தலைப்பாக்காரர் டார்ச்சை வாங்கி, துண்டைத் தலைமேல் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே எரியவிட்டுப் பார்த்தார். "இதுக்கு மின்மினிப் பூச்சி தேவலீங்க. ரெண்டடி தள்ளிப் பாம்பு படுத்திருந்தாலும் தெரியாது. இதை வாங்கிட்டா மட்டும் அந்த மகராசன் சும்மா இருப்பாரா? அடுத்த மாசம் கைக்கடியாரம் கேப்பாரு."

அதுவரை வெளியே பார்த்திருந்த மகள் கையை நீட்டி டார்ச்சை வாங்கி, ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

"நம்ம தறிக்கு அடியில அறுந்த இழையைத் தேட இந்த வெளிச்சம் போதுமுங்கப்பா. அந்த மூஞ்சியைப் பாக்கத்தான் எந்த வெளிச்சமும் வேண்டாம். ஓமலூர்ல எறங்கித் திரும்பற பஸ்ஸைப் புடிப்போம்."

டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். துளியும் வெளியே தெரியவில்லை.