அராவிய ஜெட்

பித்தளை மென்மையான உலோகம். பெற்றோலை அளந்து விடும் குட்டித் திருகான பித்தளை ஜெட், காபரேற்றருக்குள் இறுகிவிட்டால் அவசரப்படக் கூடாது. திருப்புளியின் நுனி அதன் வெட்டுக்குள் அச்சொட்டாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுச் சிதைந்து, துளைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். மாங்குளத்தில் பதின்மூன்று வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். ஒரு ஜெட்டையும் நான் சிதைத்ததில்லை. வின்சன் பொறுமைசாலி என்பார்கள். கோகுலனின் வண்டியை ஐந்து மாதம் வைத்திருந்ததற்கும் அந்தப் பொறுமைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கோகுலன் மின்சார மீற்றர் வாசிக்கும் வேலையில் இருப்பவன். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகப்பனின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். தகப்பன் யோகநாதன், 2009இல் யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் காணாமல் போனவர். சனம் வெளியேறிய பாதையில் கைவிட்ட வண்டிகளைப் பிறகு ஓரிடத்தில் குவித்து வைத்திருந்தார்கள். தாய் விமலேஸ்வரி அக்கா அங்கே போய், இலக்கத் தகட்டைப் பார்த்து அடையாளம் கண்டு எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் தறப்பாளால் மூடி வைத்திருந்தார்.

“மாமா, ஆடி அமாவாசைக்கு முன்னம் ஓடப்பண்ணித் தாங்கோ. இதிலதான் அப்பாவுக்கு எள்ளுத் தண்ணி இறைக்கக் கீரிமலைக்குப் போகோணும்,” என்றான்.

நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் என்றாலும் ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களின் விரதம் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக அக்கா அவனை அந்த விரதம் இருக்க விட்டதில்லை. அவர் இன்னமும் பொட்டு வைக்கிறார். ஆஸ்பத்திரி, முகாம், சாத்திரக்காரர் என்று அவர் ஏறி இறங்காத படி இல்லை.

“அம்மா இப்பதான் ஒருமாதிரி ஓம் எண்டிட்டா. இனியாவது அவா நிம்மதியாப் படுக்கட்டும்,” என்றவன், காபரேற்றரைத் தொட்டுக் காட்டினான். “அப்பா எங்க நிப்பாட்டினாலும், ஆரும் களவெடுக்காமல் ஜெட்டைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைப்பாராம். உள்ளுக்கு இருக்கிறது இந்த வண்டியின்ர சொந்த ஜெட்டெண்டால் அப்பாதான் போட்டு ஓடினவர், வேற ஜெட்டெண்டால் வேற ஆரோ ஓடினவை.”

பெடியன் கெட்டிக்காரன். எனக்குப் பயம் பிடித்தது. அடிக்கிண்ணத்தைத் திறந்து, தோளால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஜெட் இருந்தது.

“இருக்குது தம்பி. ஆனால் பிசின் மாதிரி இறுகிப் போச்சு. இப்ப ஒண்டும் சொல்லேலாது,” என்றேன்.

அதற்குப் பிறகு முறைப்படி எல்லாம் செய்தேன். எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். கொதிநீரில் போட்டேன். தேசிக்காய்ப் புளியில் அவித்தேன். ஞாயிறு தோறும் பத்து மணிக்குக் கோகுலன் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு முன்னால் திருப்புளியை வைத்து, நெற்றி நரம்பு புடைக்க முக்குவேன். உண்மையில் அந்த ஜெட் இறுகியிருக்கவில்லை. முதல் நாள் அவன் போன கையோடு தொட்டுப் பார்த்தேன், சுழன்றது. மறுபடி நானே இறுக்கிவிட்டேன்.

அது எம்.டி. 90இன் ஜெட் அல்ல. நான் அராவிப் போட்டது.

2009 சித்திரை மாதம் நானும் யோகநாதன் அண்ணையும் அடுத்தடுத்த பதுங்குகுழிகளில் இருந்தோம். அக்கா கைக்குழந்தைக்காரரோடு சேர்ந்து, சின்னவனான கோகுலனைக் கூட்டிக்கொண்டு முன்னமே வெளியேறிவிட்டார். ஷெல் விழுந்து அண்ணைக்குத் தொடையில் காயம். என்னோடு மனைவி ஞானமலரும் ஆறு வயது யதுசாவும். அண்ணையின் வண்டியில் நாலு பேர் ஏறலாமே என்பீர்கள். அந்த மணலில் மூன்று பேருக்கு மேல் வண்டி இழுக்காது. ஜெட்டை அவர் கழற்றி வைத்திருந்தார், நான் வேறொன்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, வெளியேறும் பாதையில் கைவிட்டேன். யதுசா இப்போது வவுனியாவில் பல்கலைக்கழகம் போகிறாள். நான் செய்தது பிழையென்றால் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முகாமில் அக்கா என் கையைப் பிடித்து, அண்ணை எங்கே என்று கேட்டார். “அண்ணை சனத்தோட போனவர் அக்கா, நான் கண்டனான்,” என்றேன். ஓர் ஆறுதலுக்குச் சொன்னது.

ஆடி பிறந்ததும் கோகுலன் பொறுமை இழந்தான். அடுத்த ஞாயிறும் கழராவிட்டால் வேறு கராஜுக்குக் கொண்டுபோய்த் துளைத்து எடுக்கப்போவதாகச் சொன்னான். பழைய எம்.டி. ஜெட் ஒன்றை நான் எத்தனையோ மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதான் வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. ஞாயிறு காலை, அவன் வருமுன் மாற்றிவிடலாம் என்று என்னுடையதைக் கழற்றினேன். அன்று பார்த்து அவன் தாயையும் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கே வந்து நின்றான். ஜெட் என் விரல்களில் இருந்தது. வாங்கியது மேசை லாச்சிக்குள் கிடந்தது.

“கழண்டிட்டுதோ மாமா?” என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். “இது எம்.டி. ஜெட் இல்லையே. தலையை ஆரோ அராவியிருக்கினம். வேலை தெரிஞ்ச ஆள்தான்.” பிறகு என்னைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

அந்த நேரம் சொல்லிவிடலாம் என்றுதான் நான் வாயைத் திறந்தேன். இதை எழுதுகிற நீங்கள் அதை நம்ப வேண்டும். அதற்குள் அக்கா ஜெட்டை மகனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“தம்பி, உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும். இதை அவரே போட்டிருப்பாரோ?”

“ஓம் அக்கா,” என்றேன். “அந்த நேரம் சாமான் எங்க கிடந்தது? எல்லாரும் தாங்களே அராவித்தான் போட்டவை. அண்ணையைத் தவிர வேற ஆரும் போட்டிருக்கேலாது.”

அவர் ஜெட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் கண்டதில்லை.

“அப்ப வண்டி கிடந்த இடம் வரைக்கும் அவர்தான் ஓடி வந்திருக்கிறார்,” என்றார் மகனிடம். “உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி இறைக்கப் பாத்தமே. கீரிமலைக்குப் போறேல்லை.”

லாச்சியிலிருந்த ஜெட்டை எடுத்து வண்டியில் பூட்டினேன். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது, சத்தம் சுத்தமாக இருந்தது. கோகுலன் அதை நிறுத்திவிட்டு, தாய்க்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. அன்று அண்ணைக்கு நினைவு தப்பியிருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் ஜெட்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். “வின்சன், இதைப் போட்டு என்னையும் ஏத்து,” என்றார். அதைப் பூட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அவர் கையிலிருந்து வாங்கினால் அவரை ஏற்றித்தான் ஆக வேண்டும். என் பைக்குள் தண்ணீர் இறைக்கும் மிசினின் ஜெட் ஒன்று இருந்தது. அவருக்கு முன்னாலேயே குந்தியிருந்து அதை அளவுக்கு அராவினேன். பத்து நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர் கையை மடக்கவில்லை.

புறப்பட்ட பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இறந்ததை என் கண்ணால் காணவும் இல்லை. ஆகவே, அக்காவுக்கு நான் சொன்னதைப் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.